பேரனுக்குத் தொட்ட தேனும் அம்மாவுக்குப் போடும் ஊசியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம். இப்போது கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுக்கின்றன, இழுக்கும்போது அந்தக் கண் தானாக மூடிக்கொள்கிறது. எம்ஆர்ஐ பார்த்த நரம்பியல் மருத்துவர், "கட்டி ஒன்றும் இல்லை, போடாக்ஸ் ஊசி போடலாம்" என்றார். என் அண்ணனோ, அது உலகத்திலேயே கொடிய விஷம், கெட்டுப்போன டின் உணவில் வளரும் கிருமி சுரப்பது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "அம்மா முகத்தில் விஷத்தை ஏற்றப் போகிறாயா?" என்று கேட்கிறார். போன மாதம் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாதான் தேன் தொட்டுச் சேனை வைத்தார். "இப்படி முகம் கோணுகிறவர் சேனை வைக்கலாமா?" என்று ஒரு உறவுக்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. பூண்டு உரித்து நல்லெண்ணெயில் ஊறப்போடுவது, வற்றல் வடகம் என்று அதற்குள்ளேயே கிடக்கிறார். ஊசி போடலாமா? போடுவதென்றால் அது விஷம் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? ப்ளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு வேறு சந்தேகம்: ஒரு கிருமி இவ்வளவு பயங்கரமான விஷத்தை எதற்காகத் தயாரிக்கிறது?

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பொட்டுலினம், அதாவது போடாக்ஸில் இருக்கும் நச்சைச் சுரக்கும் கிருமி, மூன்று இடத்தில் தலைகாட்டுகிறது. நீங்கள் ஊசியில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்தவை தேனும் பூண்டும்தான். ஊசிக்கு அப்புறம் வருகிறேன், முதலில் குழந்தை.

அம்மாவின் முகத்தால் அந்தச் சேனைக்கு ஒரு குறையும் வரவில்லை. உறவுக்காரரிடம் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள். பிரச்சினை தேனில் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் மண்ணில் வாழும் கிருமி. சூழல் ஒத்துவராதபோது கெட்டியான ஓடு போர்த்திய வித்தாக மாறி வருடக்கணக்கில் காத்திருக்கும். நாம் சாப்பிடும் எத்தனையோ பொருளில் அந்த வித்துகள் உண்டு. பெரியவர்கள் வயிற்றுக்குள் போனால் முளைக்காமல் வெளியே போய்விடும், ஏனென்றால் நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிக் கூட்டம் புதியவருக்கு இடம் கொடுப்பதில்லை. பச்சிளம் குழந்தையின் குடலில் அந்தக் குடித்தனம் இன்னும் வந்து சேரவில்லை. வித்து அங்கேயே முளைத்து, அங்கேயே நச்சைச் சுரக்கலாம். இதைத் தனி நோயாக 1976-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். அப்படி நோய் வந்த குழந்தைகளில் சிலருக்குத் தேன் கொடுத்திருந்தார்கள், அந்தத் தேனிலும் வித்துகள் இருந்தன. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மலைத்தேன், காய்ச்சிய தேன், சொந்தத் தோட்டத்துத் தேன் என்று இதில் விதிவிலக்கு கிடையாது. காய்ச்சினால் இந்த வித்து சாகாது.

பதற வேண்டாம். ஒரு தடவை நாக்கில் தொட்டதால் நோய் வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. மலச்சிக்கல், பால் உறிஞ்ச வலுவில்லாமை, அழுகை சன்னமாவது, இமை தொங்குவது, கைகால் துவள்வது – இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "தேன் கொடுத்தோம்" என்று சொல்லுங்கள். திட்டு விழும் என்று பல வீடுகளில் அதை மறைத்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு, கடைசியில் பாட்டி தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இனி ஊசி.

உங்கள் அண்ணன் அனுப்பியதில் பொய் இல்லை. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் மனிதருக்குத் தெரிந்த நச்சுகளில் இதுதான் கொடியது. அதை மறுத்து உங்களைச் சமாதானப்படுத்த நான் முயலப் போவதில்லை. ஆனால் அந்தச் செய்தி பாதிக் கதையோடு நின்றுவிட்டது. இந்த நச்சைப் பற்றி முதன்முதலில் முழுமையாக எழுதியவரே மறுபாதியையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் இருநூறு வருடத்துக்கு முன்பே.

அவர் பெயர் ஜஸ்டினஸ் கெர்னர். ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் அரசு மருத்துவர், கூடவே பேர்பெற்ற கவிஞர். நெப்போலியன் போர்கள் ஊரை ஏழையாக்கியிருந்த காலம். இரத்தமும் ஈரலும் அடைத்த சாசேஜ்களைப் புகைபோட்டு நாள்கணக்கில் வைத்திருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் சிலருக்குப் பார்வை இரட்டையானது, இமை தொங்கியது, வாய் வறண்டது, விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு நின்றது. கெர்னர் ஒவ்வொருவரின் கதையையும் சேகரித்தார். 1820-இல் 76 பேர், 1822-இல் வெளியிட்ட நூலில் 155 பேர். சாசேஜிலிருந்து வடித்த சாற்றில் சில சொட்டுகளைத் தன் நாக்கிலேயே விட்டுப் பார்த்தார். (இக்காலத்து நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி தராது. அவர் மனைவி என்ன சொன்னாரோ!) நோயாளியின் அறிவு கடைசிவரை தெளிவாக இருப்பதையும், தசைக்குப் போகும் கட்டளை மட்டும் நின்றுவிடுவதையும் கவனித்தார். அதோடு விடவில்லை. இதையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால், அடங்காமல் ஆடும் உடலை அமைதிப்படுத்தலாமே என்றும் எழுதினார். நோய்க்குக் கிருமி காரணம் என்று யாரும் நிரூபித்திராத காலத்தில் எழுதியது இது. லத்தீனில் பொட்டுலுஸ் என்றால் சாசேஜ். பொட்டுலிசம் என்ற நோயின் பெயர் அங்கிருந்து வந்தது.

கிருமி அகப்பட்டது பெல்ஜியத்தில். 1895 டிசம்பரில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போன பேண்டு வாத்தியக் குழுவினர் 34 பேர், ஊறவைத்த பன்றித்தொடை இறைச்சியைச் சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். கெண்ட் பல்கலைக்கழகத்தின் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்து கிருமியைப் பிரித்து 1897-இல் அறிவித்தார். காற்று படாத இடத்தில்தான் அது வளரும் என்றும், ஆளைக் கொல்வது கிருமியில்லை, அது விட்டுவைக்கும் நச்சு என்றும் புரிய வைத்தவர் அவர்.

சரி, அந்த நச்சு உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது? அம்மாவுக்கு ஊசி போடலாமா என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நரம்பு தசையை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளி. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சின்னச்சின்னப் பைகளில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மூளையிலிருந்து கட்டளை வந்ததும் பை சுவரோடு ஒட்டி, வாய் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டும். தசை சுருங்கும். பொட்டுலினம் நச்சு இந்தக் கொட்டலைத்தான் நிறுத்துகிறது என்பதை 1949-இல் பர்கன், டிக்கன்ஸ், சாட்மன் என்ற மூவர் எலியின் உதரவிதானத்தை வைத்து லண்டனில் காட்டினார்கள். நரம்பு உயிரோடு இருந்தது. தசையும் நன்றாக இருந்தது, அசிட்டைல்கோலினை வெளியிலிருந்து ஊற்றினால் சுருங்கியது. நடுவில் தபால் மட்டும் நின்றுபோயிருந்தது.

எப்படி நிறுத்துகிறது என்பது தெரிய இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1992-இல் இத்தாலியின் படுவா நகரில் ஸ்கியாவோ, மொண்டெகுக்கோ ஆகியோரின் குழு, இந்த நச்சு ஒரு கத்தரிக்கோல் என்று கண்டது. துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தை வெட்டும் நொதி அது. பையைச் சுவரோடு இழுத்துக் கட்ட மூன்று புரத இழைகள் முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றில் ஏதோ ஒன்றை நச்சு அறுக்கிறது. இந்த நச்சில் ஏ, பி என்று பல வகை உண்டு. பி வகை நச்சு வாம்ப் என்ற இழையை அறுக்கும். ஊசியில் பெரும்பாலும் இருக்கும் ஏ வகை, ஸ்னாப்-25 என்ற இழையை அறுக்கும். ஸ்னாப்-25 என்பது 206 மணிகள் கோத்த சரம் என்று வைத்துக்கொண்டால், நச்சு நறுக்குவது கடைசி 9 மணிகளை மட்டும். அவ்வளவுதான் சேதம். அந்த 9 மணி போனதும் பை கட்டாது, தபால் போகாது.

இதை முதன்முதலில் படித்தபோது என்னை உலுக்கியது இன்னொன்று. டெட்டனஸ் நச்சும் அதே வாம்ப் இழையைத்தான் அறுக்கிறது. பி வகை பொட்டுலினம் அறுக்கும் அதே இடத்தில், அதே கண்ணியில். ஆனால் டெட்டனஸ் வந்தவருக்கு உடம்பு வில்லாக வளைந்து விறைக்கிறது, பொட்டுலினம் தாக்கியவருக்குத் துவண்டு விழுகிறது. ஒரே வெட்டு, நேர்மாறான நோய். பொட்டுலினம் தசையோரத்து நரம்பு முனையிலேயே தங்கி, சுருங்கு என்ற கட்டளையை நிறுத்துகிறது. டெட்டனஸ் நச்சு நரம்பு வழியே முதுகுத்தண்டுக்குள் ஏறி, அங்கே 'போதும், அடங்கு' என்று சொல்லும் நரம்புகளின் வாயைக் கட்டிவிடுகிறது. சின்னக் காயத்துக்கெல்லாம் டிடி ஊசி போட்டுக்கொண்டோமே, அதில் இருந்தது செயலிழக்க வைத்த இந்த நச்சுதான். அதை ஒரு அம்மாவும் விஷம் என்று தள்ளியதில்லை.

ஆக, நச்சு நரம்பைக் கொல்வதில்லை, தசையையும் தின்பதில்லை. முனையில் ஒரு இழையை அறுக்கிறது. நரம்பு முதலில் பக்கவாட்டில் புதுக் கிளைகள் விட்டுச் சமாளிக்கும், பிறகு பழைய முனையே இழையைப் புதிதாகச் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பும். இதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். பொட்டுலினம் கலந்த உணவைச் சாப்பிட்டவருக்கு உடம்பு முழுக்க இது நடப்பதால், மூச்சுத் தசைகள் திரும்பும்வரை வாரக்கணக்கில் வென்டிலேட்டர் வேண்டியிருக்கிறது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் நான் மாகாணத்தில், வீட்டில் டப்பாவில் அடைத்த மூங்கில் குருத்தைச் சாப்பிட்டு 209 பேர் நோயுற்றார்கள். 42 பேருக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருந்தது. ஒருவரும் சாகவில்லை. மூச்சை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தால் மீதியை நரம்பு பார்த்துக்கொள்ளும்.

அம்மாவின் கண்ணோரத்தில் நாங்கள் செய்வதும் அதே காரியம்தான், ஒரு கடலைப்பருப்பு அகல இடத்தில். அவருக்கு வந்திருப்பது அரைமுகத் துடிப்பு. மூளைத்தண்டிலிருந்து முகநரம்பு புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து இடித்துக்கொண்டே இருப்பதால், நரம்பு தேவையில்லாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. மாத்திரைக்குச் சரியாக அடங்காது. அந்தக் குழாயை நகர்த்தி வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு, பலருக்கு நிரந்தரக் குணம் தரும். ஆனால் அது மண்டையைத் திறக்கும் வேலை, காது கேட்காமல் போகும் ஆபத்தும் கொஞ்சம் இருக்கிறது. 61 வயதில் முதலில் ஊசியை முயன்று பார்ப்போம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

போடாக்ஸ் என்றதும் சினிமா நடிகைகளின் நெற்றிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்த மருந்து பிறந்த வீடு கண் மருத்துவம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தி வைக்காமல் சரிசெய்ய வழி தேடியவர். 1973-இல் குரங்குகளிலும், பிறகு மனிதர்களிலும் முயன்று பார்த்து 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும், கூடவே ஏழாம் நரம்புக் கோளாறுகளுக்கும். அந்த ஏழாம் நரம்புதான் முகநரம்பு. நெற்றிச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-இல். அழகுக்கான மருந்தை நோய்க்குப் போடுகிறார்களே என்று யாராவது கேட்டால், கதை தலைகீழ் என்று சொல்லலாம்.

அளவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அண்ணன் விடமாட்டார். 100 யூனிட் குப்பியில் உள்ள நச்சின் எடை சில நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்து, அதில் சில பங்கு. மீதியெல்லாம் அல்புமின் என்ற புரதமும் உப்பும். குரங்கு ஆய்வுகளை வைத்துப் போட்ட கணக்கின்படி மனிதரைக் கொல்லச் சுமார் 3,000 யூனிட் வேண்டும். அம்மாவின் முகத்துக்குப் பொதுவாக 15 முதல் 30 யூனிட், அதையும் பல புள்ளிகளாகப் பிரித்துத்தான் போடுவோம். ஒரு எச்சரிக்கை: யூனிட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின் 20-ஐ இன்னொன்றின் 20 என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் அம்மாவுக்குப் போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது குணப்படுத்துவதில்லை, அடக்கி வைக்கிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும், செலவும் திரும்ப வரும். சிலருக்கு இமை சில வாரம் தொங்கும், கண் வறளும், வாயோரம் சற்று இறங்கும், போட்ட இடத்தில் கன்றிப்போகும். அரிதாகப் பார்வை இரட்டையாகும். எல்லாம் மருந்து தேயத் தேயத் தானாகத் தேய்ந்துவிடும். போட்ட பிறகு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயஸ்தீனியா போன்ற தசைச் சோர்வு நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, அண்மையில் ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான் உண்மையில் பயப்படுவது மருந்தைவிட, மலிவாகக் கிடைக்கிறது என்று போய் மாட்டிக்கொள்வதற்கு. 2004-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மனிதருக்கு அனுமதியில்லாத ஆய்வக நச்சை அழகு ஊசியாகப் போட்டு நான்கு பேர் முழு வாதத்தில் விழுந்தார்கள். 2023-இல் துருக்கிக்கு எடை குறைக்கப் போய் வயிற்றுக்குள் இந்த ஊசி போட்டுக்கொண்ட ஐரோப்பியர்கள் பலருக்குப் பொட்டுலிசம் வந்தது. நரம்பியல் அல்லது கண் மருத்துவர், சீல் வைத்த குப்பி, உங்கள் கண்ணெதிரே பிரிப்பது, பில் – இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உங்கள் மகனின் கேள்வி நல்ல கேள்வி. தம்பி, இதை நீயே படி.

அந்தக் கிருமி நம்மை நினைத்து எதையும் செய்வதில்லை. அதற்கு வேண்டியது காற்றில்லாத, புரதம் நிறைந்த, யாரும் கலைக்காத ஒரு இடம். செத்த உடலைவிட நல்ல இடம் எது? நீர்ப்பறவைகளைப் பார். ஏரிச் சேற்றில் வித்துகள் கிடக்கின்றன, பறவையின் குடலிலும் இருக்கின்றன. ஒரு பறவை எதனாலோ சாகிறது. உடலுக்குள் கிருமி பெருகி நச்சைச் சுரக்கிறது. பிணத்தில் நெளியும் புழுக்கள் நச்சைத் தின்று சேர்த்து வைக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. புழுவைத் தின்ற அடுத்த பறவை கழுத்து தொங்கிச் சாகிறது. அது கிருமிக்கு அடுத்த வீடு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியில் இப்படித்தான் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் செத்து ஒதுங்கின. பரேலி கால்நடை ஆய்வு நிறுவனம் காரணம் பொட்டுலிசம் என்று உறுதி செய்தது. பறவைகளையும் மாடுகளையும் தாக்குவது பெரும்பாலும் சி, டி வகைகள். மனிதரைத் தாக்குவது ஏ, பி, ஈ, அரிதாக எஃப்.

இன்னொன்று. பாடப்புத்தகத்தில் இது ஒரே இனம் மாதிரி ஒரு பெயரில் இருக்கும். உண்மையில் தங்களுக்குள் பெரிதாக உறவே இல்லாத நான்கு கூட்டங்களுக்கு, நச்சு சுரக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். நச்சின் மரபணு பல இடங்களில் கிருமியின் சொந்தச் சொத்துகூட இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்திலோ, கிருமியைத் தாக்கும் வைரஸிலோ ஏறி, வீடு விட்டு வீடு போகிறது. 2019-இல் ஒரு செய்தி வந்தது, அதைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்க வீட்டில் அதையே பேசிக்கொண்டிருந்தேன். மலேசியச் சதுப்புநிலத்தில் கிடைத்த, கொசுவைக் கொல்லும் ஒரு கிருமிக்குள் இதே குடும்பத்து நச்சு ஒன்று இருந்தது. அது மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுவைக் கொல்லும், எலிக்கு ஒன்றும் செய்யாது. எந்த உயிரின் நரம்புப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பதை இந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கியிருக்கிறது. நம் பூட்டும் அதில் ஒன்றாக மாட்டிக்கொண்டது.

திரும்பவும் உங்களிடம் வருகிறேன் சகோதரி, பூண்டு பாட்டிலுக்கு. பூண்டு மண்ணுக்குள் விளைவது, வித்து ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. எண்ணெயில் மூழ்கடித்தால் காற்று போய்விடும். புளிப்பு இல்லை, உப்பும் போதாது. அலமாரியில் வைத்தால் நம் ஊர் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கிருமி கேட்டதையெல்லாம் ஒரே பாட்டிலில் போட்டுக் கொடுத்த மாதிரி. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகம் எண்ணெயில் ஊறிய பூண்டை ஃப்ரிட்ஜில் வைக்காமல் பயன்படுத்தியதில் 36 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது. சாப்பிட்டவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்விட்டார்கள், ஒவ்வொரு மருத்துவரும் வேறு வேறு நோய்ப் பெயர் எழுதினார்கள், விஷயம் பிடிபடவே நாள் ஆனது. கெட்டுவிட்டது என்று மூக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். பூண்டு வாசனைக்கு முன்னால் எந்த மூக்கு நிற்கும்?

இதற்காக அம்மாவின் ஊறுகாய் ஜாடிகளைத் தூக்கி எறிய வேண்டாம். புளிப்பு கூடக் கூடக் குறையும் பிஎச் என்ற அமிலக் கணக்கு 4.6-க்குக் கீழே போனால் இந்தக் கிருமி முளைக்காது. எலுமிச்சை, மாங்காய், நார்த்தங்காய் எல்லாம் தாராளமாக அதற்குக் கீழே. புளியும் எலுமிச்சைச் சாறும் கணிசமாக விட்டு, உப்புப் போட்டுக் கிளறிய பூண்டு ஊறுகாயும் அந்தப் பாதுகாப்பில் வந்துவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்த வற்றலில் முளைக்க ஈரமே இல்லை. வெறும் எண்ணெயும் பச்சைப் பூண்டும் மட்டும்தான் வம்பு. அப்படித்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் வெளியே இருந்ததைச் சூடாக்கிப் பார்ப்போம் என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பத்து நிமிடம் கொதித்தால் நச்சு அழியும் என்பது உண்மைதான். ஆனால் பூண்டெண்ணெயை யார் பத்து நிமிடம் கொதிக்க வைக்கிறார்கள்? தோசைமேல் அப்படியே அல்லவா ஊற்றுகிறோம்!

நம் நாட்டில் இதெல்லாம் எங்கே நடக்கிறது என்று தோன்றலாம். 1996-இல் குஜராத்தில் ஒரு உறைவிடப் பள்ளியில் 34 மாணவர்கள் நோயுற்று, மூன்று பேர் இறந்தார்கள். சந்தேகம் விழுந்தது கடலைமாவுச் சேவு மீது. அதில் இருந்தது கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிகம் என்ற வேறொரு கிருமி, ஆனால் சுரந்தது ஈ வகைப் பொட்டுலினம் நச்சு. உங்கள் மகனுக்கு மேலே சொன்ன வீடு மாறும் மரபணுவுக்கு இதுவே உள்ளூர்ச் சாட்சி.

கடைசியாக, அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? சொல்லுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். நீங்கள் மறைத்தாலும் அண்ணனோ அந்த உறவுக்காரரோ சொல்லத்தான் போகிறார்கள், அப்போது ஊசியோடு சேர்த்து உங்கள் மேலும் நம்பிக்கை போகும். என்னிடம் வந்த ஒரு பாட்டியிடம் அவர் பேரன், "இது வைட்டமின் ஊசி" என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தான். நான் உண்மையைச் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சேராங்கொட்டையும் விஷம்தானே டாக்டர், சுத்தி பண்ணித்தானே வைத்தியர் லேகியத்துல போடுவாரு. நீங்க எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டார். இருபது யூனிட் என்றேன். முதல் தடவைக்குப் பத்து போட்டுப் பார்க்கலாமா என்று பேரம் பேசினார். பதினைந்தில் முடிந்தது.

ஊசி வேலை செய்ய ஆரம்பிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், முழுப் பலன் இரண்டு வாரத்தில் தெரியும். போடுவதற்கு முந்தின நாள் அம்மா பேசுவதை போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டையும் மருத்துவரிடம் காட்டினால், அடுத்த முறை எந்தப் புள்ளியில் கூட்டுவது, எதில் குறைப்பது என்று அவர் முடிவு செய்ய வசதியாக இருக்கும்.